நிற்காத வாடாமல்லி

சிவகாசியில் ஒரு படத்தைப் பார்த்து யாரும் அழகாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. பளிச்சென்று இருக்கிறதா, நிற்குமா என்றுதான் கேட்பார்கள். நிற்பது என்றால் வெயிலில் வெளுக்காமல் நிறம் நிற்பது. பட்டாசுப் பெட்டியின் லேபிள் தீபாவளி வரைக்கும் நின்றால் போதும். வெடித்துத் தீர்த்த பிறகு பெட்டி வெளுத்துப்போனதென்று எவனும் வந்து சண்டை போடப் போவதில்லை. காலண்டர் அட்டை அப்படியில்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை சுவரில் வெயிலைத் தின்றுகொண்டு நிற்க வேண்டும். அதனால் அச்சகத்தில் ஒரே நிறத்துக்கு இரண்டு தரத்தில் மை இருக்கும். மஞ்சளோடு சேர்ந்து படத்தில் சிவப்பைக் கொண்டுவரும், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மைக்கு மெஷின் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் வாடாமல்லி. லேபிள் வாடாமல்லி ஒரு டின், காலண்டர் வாடாமல்லி ஒரு டின். இந்த இரண்டு டின்களையும் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஜெயசுந்தர் வைத்துக்கொள்ளவில்லை.

ஜெயசுந்தர், காளிராஜ் அண்ணாச்சியின் அச்சகத்தில் போட்டோகிராபர். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், பூச்சட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் குழந்தைகள் என்று எல்லாவற்றையும் பளிச்சென்று எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அப்படி அவர் எடுத்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பெட்டியின் மேல் மட்டும் இன்னும் அதே மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு பல் விழுந்த வாயோடு சிரிக்கிறார்கள். இத்தனை வருடத்தில் எந்தப் படத்தின் கீழும் ஜெயசுந்தர் என்ற பெயர் அச்சானதில்லை. அச்சகத்தின் பெயர் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும், அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை, அந்த ரோஜாவைப் பார்க்கும் வரை.

அவர் மனைவி ஜாஸ்பின் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். சர்ச் பீடத்துக்குப் பூ வைக்கும் முறை அவளுக்கு வந்த ஒரு வாரம், ஆராதனை முடிந்து பூவோடு சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் வைத்துவிட்டு, "ஏங்க, அந்தப் பூவைக் குப்பையிலே தட்டிட்டுச் சாடியைக் கழுவி வைங்க" என்று சொல்லி டியூட்டிக்குப் போனாள். இரண்டு நாள் கழித்துத்தான் ஜெயசுந்தருக்கு அந்த ஞாபகம் வந்தது. தட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு ரோஜா கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, ஓரமெல்லாம் காப்பிநிறம் ஏறி, உள்ளே மட்டும் பழைய சிவப்பைப் பொத்தி வைத்திருந்தது. லேபிள் வேலைக்கு வைத்திருந்த நல்ல கேமராவை எடுத்துவந்து படம் பிடித்தார். மறுநாள் பார்த்தால் அது வேறு பூ. மறுபடியும் பிடித்தார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வீட்டில் ஒரு பூவைக் குப்பையில் போட முடியவில்லை. சம்பங்கி, செவ்வந்தி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ பிரித்துக்கொண்டு வந்த மாலை எல்லாம் டம்ளரிலும் சோடா பாட்டிலிலும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றன. தண்ணீர் நாறியது. எறும்பு வரிசை கட்டியது. ஜாஸ்பின் பொறுத்துப் பார்த்தாள்.

"வார்டுல நாள் பூரா நாடி பிடிச்சுட்டு வாரேன். வீட்டுக்கு வந்தா இங்கன ஒரு வார்டு வச்சிருக்கீக. அந்தக் கடைசி பெட் செவ்வந்தியை எப்பத்தான் டிஸ்சார்ஜ் பண்ணப் போறீக?"

"இன்னும் ரெண்டு நாளு பாத்துட்டு" என்றார் ஜெயசுந்தர், பெரிய டாக்டர் மாதிரி.

விரிந்த ரோஜாவெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஒரே முகம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வாட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் தெரிந்தது. ஒன்று வீம்பாக நின்று ஒரேயடியாக உதிரும், ஒன்று ஒவ்வொரு இதழாகக் கொடுத்துவிட்டுப் போகும். கேமராவை இறக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் இருந்ததில்லை. கூடவே ஓர் ஆசையும் வந்து ஒட்டிக்கொண்டது.

"நான் எடுத்த வாடுன பூ ஒண்ணு, கீழே என் பேரோட, எவன் வீட்டுச் சுவத்துலயாவது தொங்கணும் ஜாஸ்பின். ஒரே ஒரு சுவரு போதும்."

"நம்ம வீட்ல நாலு சுவரு சும்மாதானே இருக்கு?"

"சொந்தச் சுவரு கணக்குல வராது" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டுதான் ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். அதற்கு முன்பாக ஜெயசுந்தர் வாடின ரோஜாவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போய் நின்றார்.

காளிராஜ் அண்ணாச்சிக்கு நாரணாபுரத்தில் பூச்சட்டி போடும் கம்பெனியும் உண்டு. படத்தைக் கையில் வாங்கியவர் அதை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"மூக்குல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு ஜெயசுந்தரு. காலையில எந்திரிச்சு இதும் முகத்துலயா முழிக்கணும்?"

"அண்ணாச்சி, நீங்க விக்கிற பூச்சட்டி எம்புட்டு நேரம் நிக்குது? முக்கா நிமிசம். அதுவும் பூதானே? போயிரும்னுதானே சனங்க வாயைப் பொளந்து பாக்காக?"

இதை வீட்டிலேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அண்ணாச்சி ஒரு வெற்றிலையைக் கிள்ளும் நேரம் யோசித்தார்.

"வாஸ்தவம். ஆனா அது பூத்து முடிஞ்ச பெறகு, மிச்சம் கெடக்க சட்டியைப் படம் எடுத்து நான் யார் தலையிலயாவது கட்டியிருக்கனா?"

இதற்குப் பதில் ஒத்திகை பார்க்காததால் ஜெயசுந்தர் பிரிண்டைச் சுருட்ட ஆரம்பித்தார். முகம் விழுந்ததைப் பார்த்து அண்ணாச்சிக்கே பாவமாகிவிட்டது. "சரி சரி, நல்ல நாள் வர்ற நேரத்துல மூஞ்சியைத் தொங்கப் போடாத. கடைசிப் பக்கமா வச்சுக்க. ஒரு ஆர்டர் வந்தாலும் உன் பேரைப் போட்டு அடிச்சுத் தாரேன்."

ஜெயசுந்தருக்குத் தலைகால் புரியவில்லை. ஏஜெண்டுகளுக்கும் புரியவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் "அச்சுப் பிழையா?" என்றார் ஒருவர். "புது வருசத்துக்கு வீடு வீடாக் குடுக்கிற சரக்குல இதையா காட்டச் சொல்லுதீக?" என்றார் இன்னொருவர். தென்காசிப் பக்கம் போன ஏஜெண்ட் மட்டும் ஓர் ஆர்டரோடு வந்தார். கேட்டது யாரென்றால், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். அண்ணாச்சி அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே ஆல்பத்திலிருந்து கிழித்தார். "அவரு போட்டுட்டாருன்னு தெரிஞ்சா பாக்கி டிசைனையும் எவனும் தொட மாட்டான்." ஜெயசுந்தரின் ஒரு சுவர் ஆசை இப்படிப் புஸ்வாணமாகிப் போனது.

போதாக்குறைக்கு அதே வாரம் விருதுநகர் பாத்திரக்கடை செய்யது அபுதாஹிரின் ஆர்டர் வந்தது. சாமி படம் போட முடியாத கடைகளுக்கெல்லாம் பூவும் அருவியும்தான் கதி. பாய் ஒவ்வொரு வருடமும் ரோஜா கேட்பார். "நல்லாச் செவசெவன்னு, பனித்துளியோட" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜெயசுந்தர் மதுரையிலிருந்து வந்த கட்டு ரோஜாவில் ஒன்றை உருவி, கிளிசரினைத் தெளித்து, கறுப்புத் துணியைப் பூவுக்குப் பின்னால் விரித்து, கடனே என்று எடுத்துக் கொடுத்தார். பனித்துளி பிரமாதமாக வந்திருந்தது. அவர் இரண்டாம் தரம் அதைப் பார்க்கக்கூட இல்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேபிள் சீசனும் காலண்டர் சீசனும் முட்டிக்கொள்ளும் நேரம், அச்சகத்துக்கு லீவே கிடையாது. வீட்டு ஜன்னலில் ஒரு ரோஜாவின் கடைசி இதழ் இப்பவோ பின்னையோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் திரும்பி விழுவதற்காக ஜாஸ்பின் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே. ஜெயசுந்தர் கண்ணைக் கேமராவில் வைத்திருந்தபோது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டார். மெஷின் ஓட்டும் மாரீஸ்வரன் பேசினான்.

"அண்ணே, பாய் ரோஜாவை மெஷின்ல ஏத்திட்டேன். வாடாமல்லி ரெண்டு டின்னும் பக்கத்துல இருக்கு. இது நிக்கணுமா, வேண்டாமா?"

அதே நேரத்தில் ஜாஸ்பின் அலறினாள். "ஏங்க, இதழு நழுவுது! பிடிச்சு நிப்பாட்டவா?"

"நிக்க வேண்டாம்! விழட்டும், விழட்டும்!" என்று கத்தினார் ஜெயசுந்தர்.

"சரிண்ணே" என்று மாரீஸ்வரன் போனை வைத்தான்.

இதழ் விழுந்தது. பூவுக்கும் ஜன்னல் கட்டைக்கும் நடுவே அந்தரத்தில் அது நின்ற நேரத்தில் படம் கிடைத்துவிட்டது. ஜெயசுந்தர் ஜாஸ்பினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன் வந்ததே அவருக்கு மறந்துபோயிற்று. அங்கே மாரீஸ்வரனுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரத்தான் செய்தது. காலண்டருக்குப் போய் லேபிள் மையா? ஆனால் அண்ணன் ஒரு தரமா சொன்னார், தொண்டை கிழியக் கத்தியல்லவா சொன்னார்? பாய் விலை குறைத்துக் கேட்டிருப்பார் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு லேபிள் டின்னைத் திறந்தான்.

ஜனவரியில் காலண்டர் சுவருக்குப் போனது. பொங்கல் வரை ரோஜா ரத்தச் சிவப்பாக நின்றது. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்து வெயில் தன் வேலையைத் தொடங்கியது. தண்ணீருக்குத்தான் இங்கே பஞ்சம், வெயிலுக்கு ஒருநாளும் இல்லை. சித்திரை பிறப்பதற்குள் அண்ணாச்சியின் போன் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஜெயசுந்தரை வரச் சொல்லு!"

போனபோது மாரீஸ்வரன் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேசையில் பாயின் காலண்டர் கிடந்தது, மேல்பக்கம் கீழே கவிழ்ந்து.

"ஆல்பத்துல கிழிச்ச பூவைப் பாய் காலண்டர்ல பூக்க விட்டுட்டியேப்பா! என் மேல உள்ள கோவத்தை இப்படியா தீப்ப?"

"அண்ணாச்சி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அண்ணன்தான் சொன்னாரு" என்றான் மாரீஸ்வரன் தரையைப் பார்த்தபடி. "நிக்கணுமான்னு கேட்டேன். நிக்க வேண்டாம், விழட்டும் விழட்டும்னாரு."

ஜெயசுந்தருக்கு இதழ், ஜாஸ்பின், வெள்ளை அட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அதை எடுத்துச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. சொல்லும்போது அவருக்கே நம்ப முடியவில்லை.

"வேற மை போட்டுப் புதுசா அடிச்சாச்சு" என்றார் அண்ணாச்சி. "பாய் கூடவே போயி, வெளுத்ததை எல்லாம் கழட்டிட்டுப் புதுசை மாட்டிட்டு வா. ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது. பாய் ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா, உன் கேமராவை உன் வீட்டுச் சுவத்துலயே மாட்டிக்க."

செய்யது அபுதாஹிர் தன் வேனிலேயே அவரை ஏற்றிக்கொண்டார். மனுஷர் கோபத்திலும் மரியாதை குறையாதவர், அதனால் திட்டு நீளமாக வந்தது. "கடைப் பேரு கீழே கருகருன்னு நிக்குது. மேல பூ செத்துக் கெடக்கு. பாக்குறவன் என்ன நெனைப்பான்? அடுப்புல ஏத்துனா இந்தப் பாய் குடுத்த சட்டியும் இப்படித்தான் வெளுக்கும்னு நெனைக்க மாட்டானா? சொல்லுங்க தம்பி." மல்லாங்கிணறு வரும் வரை தம்பி மடியிலிருந்த புதுக் காலண்டர்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

மல்லாங்கிணற்றில் மேற்கே பார்த்த ஒரு டீக்கடை. பாய்லருக்குப் பின்னால் காலண்டர் தொங்கியது. கழற்றுவதற்குக் கையைத் தூக்கிய ஜெயசுந்தர் தூக்கிய கையோடு நின்றார். சிவப்பு போய்விட்டிருந்தது. மஞ்சள் மட்டும் மிச்சமிருந்து, ரோஜா காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. மடிப்புகளின் ஆழத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒளிந்துகொண்டிருந்தது. கறுப்புப் பின்னணி அப்படியே இருந்தது. அவர் தெளித்த கிளிசரின் துளிகளும் அப்படியே இருந்தன, ஆனால் இப்போது யாரும் அதைப் பனி என்று சொல்ல முடியாது. வெறுத்துப்போய் எடுத்த பூவை வெயில் அவருக்காக வாட வைத்திருந்தது.

"கழட்டுங்க தம்பி, எதுக்கு மலைச்சுப் போயி நிக்கீக?"

"ஒரு நிமிசம் பாய்" என்று கேமராவை எடுத்தார்.

அதற்குப் பிறகு பாய்க்குப் பொறுமையே போதவில்லை. அச்சங்குளத்தில் ஒரு சலூன். குறுக்கே தொங்கிய துண்டின் நிழலில் பாதிப் பூ சிவப்பாகவே இருக்க, மற்ற பாதி கிழடு தட்டியிருந்தது. இருட்டான ஒரு உர மூட்டைக் கடையில் பூ நேற்றுப் பறித்தது மாதிரி இருந்தது, அதை ஜெயசுந்தர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கழற்றினார். ஒவ்வொரு சுவரிலும் வெயில் ஒவ்வொரு மாதிரி தின்றிருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. எல்லாரும் வெளுத்ததைக் கொடுத்துவிட்டுப் புதியதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். "குத்தத்தைப் பண்ணிட்டு அதைப் போட்டோ வேற எடுக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றார் பாய்.

கடைசியாகப் பாயின் வீடு. அவர் மனைவி பீவி ஜான் அடுக்களையில் இருந்தார். கிழக்கு ஜன்னலுக்கு நேரே காலண்டர் தொங்கியது. மற்ற எல்லாவற்றையும்விட இது அதிகம் வாடியிருந்தது. ஜெயசுந்தர் புதியதை நீட்டினார். பீவி ஜான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இதை நான் தர மாட்டேன்."

"வெளுத்துப் போனது புள்ள" என்றார் பாய். "புதுசு தாராக."

"புதுசு எதுக்கு? நான் கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து இந்தச் சுவத்துல வருசத்துக்கு ஒரு காலண்டர் தொங்குது. எதுல என்ன படம் இருந்துச்சுன்னு கேளுங்க, ஒண்ணு சொல்லத் தெரியாது எனக்கு. இதைச் சொல்வேன். பொங்கலப்ப ரத்தமாட்டம் செவப்பு. நோம்பு தொடங்கையிலே ஓரம் வெளுத்துச்சு. பெருநாளைக்கு நடு மட்டுந்தான் செவப்பு. தெனம் காலையில தாளைக் கிழிக்கையிலே, இன்னைக்கு எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாப்பேன். மத்த வருசமெல்லாம் தேதியைத்தான் பாத்தேன் தம்பி. இந்த வருசந்தான் படத்தைப் பாத்தேன்."

"வாடுனதைப் போயி வீட்ல வச்சுக்கிட்டு..." என்று இழுத்தார் பாய்.

"நீங்களுந்தான் பெருநாளைக்குப் பெருநாள் வெளுக்குறீக. மாத்தி வேற வாங்கிட்டனா?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜெயசுந்தர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, அடுக்களையில் தாளித்த மிளகாயின் மேல் பழியைப் போட்டார். பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்து, முதல் தடவையாக ஒருவரிடம் அனுமதி கேட்டு அந்தச் சுவரைப் படம் எடுத்தார். ஒரு காலண்டர் பாக்கி என்று அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வரும் வழியில் பாய் வேனை மெதுவாகவே ஓட்டினார். சிவகாசி ரோடு வந்ததும், "அந்த இன்னொரு பூ, அண்ணாச்சி கிழிச்சுப் போட்டாராமே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஜெயசுந்தர் போனில் காட்டினார். அந்தரத்தில் இதழ் நிற்கும் படத்தையும் காட்டினார். பாய் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இதை வச்சா அவளுக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருட ஆடிப் பதினெட்டுக்குப் பாய் ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. நேராக வந்து, இதழ் விழும் ரோஜாவுக்கு ஆர்டர் கொடுத்தார். அண்ணாச்சி, தான் அந்தப் படத்தை முதலிலிருந்தே நல்ல படம் என்று சொல்லிவந்ததாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கூசாமல் சொன்னார். வாக்குக் கொடுத்தபடி கீழே பெயர் போடவும் சம்மதித்தார். ஜாஸ்பினிடம் சொன்னபோது, "அந்தப் பேஷண்டு பொழச்சுக்கிடுச்சா!" என்று சிரித்துவிட்டு, அட்டை பிடித்த கைக்கு ஒரு சேலை கேட்டாள்.

அச்சேறும் நாளில் மாரீஸ்வரன் போன் பண்ணவில்லை. இரண்டு டின்னையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்து ஜெயசுந்தரின் மேசை மேல் வைத்தான். சுற்றுமுற்றும் வேறு யாரும் பேசவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டான்.

"அண்ணே. நல்லாக் காதுல வாங்கிட்டுச் சொல்லுங்க. இது நிக்கணுமா, வேண்டாமா?"

ஜெயசுந்தர் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் பெயரோடு சுவருக்குப் போகிற ஒரே படம். காலண்டர் வாடாமல்லியைக் காட்டினால் டிசம்பர் வரை அசையாமல் நிற்கும். பீவி ஜான் காலையில் தாளைக் கிழிக்கும்போது தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

"வேண்டாம்லே. வாடட்டும்."

மாரீஸ்வரன் லேபிள் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கதவைத் தாண்டுவதற்குள் ஜெயசுந்தர் எழுந்து ஓடினார்.

"ஏலே மாரீஸ்வரா, இங்க வா! கீழே என் பேரு எந்த மையில வருது?"

"அதுவும் வாடாமல்லிதான்ணே. பூவுக்குத் தோதா இருக்கும்னு அண்ணாச்சி சொன்னாரு."

"பேரைக் கறுப்புல போடு" என்றார் ஜெயசுந்தர். "அது நிக்கட்டும்."